ஏழாவது கட்டத்து ஆமைகள்

விடுதியின் வரவேற்பறையில், அறைச் சாவிகள் தொங்கும் சுவருக்கு எதிரே, ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. "இங்கே காண வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்" என்று மேலே எழுதி, கீழே பதினொன்றை வரிசையாகப் போட்டிருப்பார்கள். விடுமுறைக்கு வந்து இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் அதே பதினொன்றைக் கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். பார்த்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. பதினோரு துளையும் விழுந்த அட்டையோடு ஊர் திரும்புகிறவர் அடுத்த வருஷமும் வருவார், கூட நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வருவார் என்பது மேலாளரின் நம்பிக்கை. ஒரு கட்டம் துளையில்லாமல் போனாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது. அவருக்கு இறங்காத நாளில் மற்றவர்களுக்கும் இறங்காது.

அந்தப் பதினொன்றில் பத்தை நடத்திக் காட்டியவன் முக்குளி.

முக்குளி என்பது அம்மா அப்பா வைத்த பேரில்லை. ஐந்து வயதில் படகுத்துறையின் இந்தப் பக்கம் தவறி விழுந்தவன், எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் எழுந்தான். அழவில்லை. கையில் ஒரு சங்கு இருந்தது. அன்று ஒட்டிய பேர், முப்பத்து நாலு வயதிலும் உதிரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவன் கடலுக்கடியில் இருக்கிற நேரத்தில் ஒரு தலையணை உறையைத் தேய்த்து மடித்து வைத்துவிடலாம். இதைச் சொன்னவள் அவனுடைய அக்கா. அதே விடுதியின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகத் துணி தேய்க்கிறவள். நேரத்தை உறைக்கணக்கில்தான் அளப்பாள்.

தாளில் அவன் தோட்டப் பிரிவு ஆள். தோட்டப் பிரிவுக்குப் பச்சைச் சட்டை. பச்சைச் சட்டை போட்டவன் விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்பது விடுதியின் சட்டம். எதிரே யாராவது வந்தால் செடி மறைவுக்குப் போய்விட வேண்டும். செடி இல்லாத இடத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து எதையாவது பிடுங்க வேண்டும். புல்லே இல்லாத மணலில் அவன் புல் பிடுங்கியதை அக்கா பலமுறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

வெளிச்சம் வருவதற்கு முன்னால் கரைக்கு வந்துவிடுவான். முதல் கட்டம், விடியற்காலைக் கடற்கரை நடை. அதற்கு மணலில் நாய்க்கால் தடமும் பழைய செருப்பும் இருக்கக்கூடாது. வாரிவிட்டு, தன் காலடியையும் பின்னோக்கி நடந்தே அழித்துக்கொண்டு வருவான். இரண்டாவது, சிப்பி பொறுக்குதல். அந்தக் கரையில் நல்ல சிப்பி ஒதுங்கி வருஷம் பத்தாகிறது. மூட்டையில் வெளியூரிலிருந்து வரும் சிப்பியை அவன்தான் அலை தொட்டுப் போகும் கோட்டில் தூவுவான். அள்ளி வீசுகிற ஜாதி அவன் இல்லை. சிலதைப் பாதி புதைப்பான். நல்லதொன்றைப் பாசிக்கடியில் ஒளிப்பான். உடைந்தது இரண்டுக்கு நடுவில் முழுசாக ஒன்று வைப்பான். "தேடினேன், கிடைச்சுதுன்னு இருக்கணும்கா. கொடுத்தாங்கன்னு இருக்கக்கூடாது" என்பான். கண்ணாடித்தரைப் படகு போகிற வழியில் நட்சத்திர மீன்களை எடுத்து அடுக்குவதும் அவன்தான். ஆறாவது கட்டத்தில் விருந்தினர் உடைக்கும் சிப்பிக்குள் முத்தை வைத்து, வாயை மீன்பிசினால் ஒட்டி, நாற்றம் போக எலுமிச்சை தேய்ப்பதும் அவன்தான். மரத்தடி ஊஞ்சல் படுக்கைக்கு மேலே காய் விழாமல் வெட்டுவதும் அவன்தான். கடைசிக் கட்டமான சூரிய அஸ்தமனத்தில் மட்டும் அவனுக்கு வேலையில்லை.

"இருடா, மேகம் மூடினா அதையும் உன் தலையிலதான் கட்டுவாங்க" என்பாள் அக்கா.

இத்தனையையும் விருந்தினருக்குக் காட்டிப் பேசுகிறவன், அவன் மனைவியின் தம்பி. அவனுக்கு வெள்ளைச் சட்டை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டான். ஆனால் பல்வரிசை நன்றாக இருக்கும், பேச்சும் வரும். மாமியார் வீட்டில் வெள்ளைச் சட்டைக்கு நாற்காலி, பச்சைச் சட்டைக்கு வாசற்படி. "என் பிள்ளைகிட்ட வெளிநாட்டுக்காரங்க கை குலுக்குறாங்க" என்று மாமியார் நாலு பேரிடம் சொல்லும்போது, முக்குளி படியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொள்வான். சிப்பி கீறி, உப்பில் ஊறி, ரேகை தேய்ந்த கை. அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்று: ஒரே ஒருமுறையாவது அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செடி மறைவுக்குப் போகாமல், தன் கடலைத் தன் வாயால் நாலு பேருக்குக் காட்ட வேண்டும். ஆறு வருஷமாகக் கேட்டான். "பார்ப்போம்" என்றே சொல்லிவந்தார் மேலாளர்.

ஏழாவது கட்டம், ஆமைக்குஞ்சைக் கடலில் விடுதல். விடுதிக்கு வடக்கே வேலி போட்ட மணலில் ஆமை முட்டைக் குழிகள் இருக்கும். பொரிந்து வருகிற குஞ்சுகளைச் சாயங்காலம் பிரம்புக்கூடையில் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுப்பார்கள். விருந்தினர் மணலில் வைப்பார்கள். குஞ்சு தத்தித் தத்திக் கடலுக்குள் போகும். சிலருக்குக் கண்ணீர்கூட வரும். தான் நடத்துகிற பத்தில் பொய் கலக்காத கட்டம் அது ஒன்றுதான் என்று முக்குளி பெருமையாகச் சொல்வான்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. குழிகளில் தண்ணீர் நின்று முட்டைகள் அழுகின. கடைசியில் ஒரே ஒரு குழி பொரிந்தது. நாற்பத்து மூன்று குஞ்சு. சீசன் முடிய இன்னும் இருபத்தாறு நாள்.

மேலாளர் வேலியருகே நின்று கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு விட்டா நாளைக்கு என்ன பண்றது?"

"நாளைக்கு ஒண்ணும் இல்ல சார். இதான் கடைசி."

"சீசன் இன்னும் இருக்கே. அது ஆமைக்குத் தெரியாதா?"

முக்குளி சிரித்தான். மேலாளர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார், கரையிலிருந்து வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கரும்பாறையைப் பார்த்தார், பிறகு முக்குளியைப் பார்த்தார்.

"இங்க விட்டா குஞ்சு எல்லாம் எந்தப் பக்கமாப் போகும்?"

கேட்டது கடலைப் பற்றி. கடலைப் பற்றி யார் கேட்டாலும் அவனுக்கு வாய் நிற்காது. "பாறைக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு சார். இருபது அடி அகலம். நீரோட்டம் எல்லாத்தையும் அதுக்குள்ளதான் இழுத்துட்டுப் போகும். வேற வழியே கிடையாது."

"அந்தச் சந்துல வலையோட ஓர் ஆள் நின்னா?"

முக்குளி பாறையைத் திரும்பிப் பார்த்தான்.

"கரையிலிருந்து பார்த்தா பாறை மறைக்கும்ல? சீசன் முடியற வரைக்கும் ஏழாம் நம்பர் நிக்காமப் பார்த்துக்கோ. கடைசி நாள், விடுதிக்கு நட்சத்திரம் போடுற குழு வருது. அது நல்லபடியா முடிஞ்சா வெள்ளைச் சட்டை உனக்கு. என் வாயால சொல்றேன்."

அன்று சாயங்காலம் நாற்பத்து மூன்றையும் கரையில் விட்டார்கள். மைத்துனன் பேசினான், விருந்தினர் கைதட்டினார்கள். பாறைக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் வலையை விரித்து நின்ற முக்குளி நாற்பத்தொன்றைப் பிடித்தான். தப்பிய இரண்டுக்காக அன்றிரவு வருத்தப்பட்டான். எடுத்த வேலை எதுவானாலும் அதில் ஓட்டை விழுந்தால் அவனுக்குத் தாங்காது, பிறவியிலேயே அப்படி.

மறுநாளும் அதே குஞ்சுகள், அதே பேச்சு. "இவை நேற்றுப் பிறந்தவை. இன்று இவற்றின் முதல் பயணம்." அதற்கடுத்த நாளும் முதல் பயணம்தான்.

பகல் முழுக்க அவை சலவைக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டியில் கிடந்தன. கிடந்தன என்பது தப்பு. ஒரு நிமிஷம் நிற்காமல் நீந்தின. பிறந்த வேகத்தில் நடுக்கடல்வரை போவதற்கென்று உடம்பில் கட்டிக்கொடுத்த பலத்தையெல்லாம் நாலடிச் சுவரில் முட்டியே செலவு செய்தன. மூக்கெல்லாம் புண். நாலாவது நாள் காலையில் ஆறு மிதந்தன.

அக்கா வந்து பார்த்தாள். "சுவர் உரசுதுடா. பழைய துவாலை இருக்கு, உள்சுவர் முழுக்கக் கட்டிவிடு." நைந்துபோன துவாலைகளாகப் பார்த்துப் பன்னிரண்டு எடுத்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். நல்ல யோசனை என்றுதான் இரண்டு பேருமே நினைத்தார்கள்.

சாகாமல் இருக்கத் தீனி வேண்டும் என்று பட்டது அவனுக்கு. இறாலை உரித்து, சவர பிளேடால் கடுகு கடுகாக நறுக்கினான். தொட்டியில் போட்டால் தொடவில்லை. ஆகவே கடலில் பிடித்த கையோடு, அவை களைத்திருக்கும் நேரத்தில், சிவப்பு வாளியில் போட்டு அங்கேயே ஊட்டினான். முதல் நாள் ஒன்று தின்றது, மறுநாள் ஏழு. தின்றவை கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தன. மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. பதினாலாவது நாள் பதினேழு இருந்தன. ஆனால் அந்தப் பதினேழைப் பிடிக்க அவனுக்கு வலை தேவைப்படவில்லை.

அன்று மதியம் சலவைக்கூடத்து ஜன்னலில் வந்து நின்றான். முகம் எல்லாம் சிரிப்பு.

"அக்கா, இப்ப வலையே வேணாம்கா. சிவப்பு வாளியத் தண்ணியில முக்கிக் காட்டினா போதும். வரிசையா வந்து ஏறிக்குது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க மாதிரி."

"நிஜமாவா?"

"ஒண்ணு என் விரலை முட்டிட்டு நிக்குது. எங்கே தீனின்னு கேக்குதுக்கா."

"உன் கையிலதான் என்னமோ இருக்குடா" என்றாள் அக்கா. பெருமையாகத்தான் சொன்னாள். கடலில் பிறந்த ஜீவன் கடலுக்குப் போகாமல் வாளியைத் தேடி வருகிறதே, இது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உள்ளங்கையில் நெருப்பை வைத்துக்கொண்டு குளிர் விட்டுப்போச்சு என்று மகிழ்ந்தார்கள்.

இருபத்தாறாவது நாள் காலை, மைத்துனனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் வீங்கி, இடது கன்னம் பலூன் மாதிரி ஆகிவிட்டது. ஐந்து பேர் கொண்ட குழு வந்து இறங்கிவிட்டது. இந்த மூஞ்சியை அவர்கள் முன்னால் நிறுத்த முடியாது. மேலாளர் யோசித்தது ஒரு நிமிஷம்தான்.

"முக்குளி, உனக்குப் பேச வருமா?"

ஆறு வருஷமாகச் செடிக்குப் பின்னாலும், இந்த சீசனில் பாறைக்குப் பின்னாலும் நின்று கேட்ட பேச்சு. மைத்துனன் எந்த இடத்தில் மூச்சு விடுவான் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். சொல்லிக் காட்டினான். மேலாளர் தலையை ஆட்டினார். "சட்டைய வாங்கிக்கோ."

அக்கா அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். மைத்துனன் அளவு, தோளில் இவனுக்கு ஒரு விரற்கடை பிடித்தது. பக்கத்தைப் பிரித்து, உள்மடிப்பை விட்டுத் தைத்தாள். கழுத்துப் பட்டையை மூன்றுமுறை தேய்த்தாள். போட்டுப் பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"கையை மட்டும் பின்னாடி வச்சுக்கோ" என்றாள். பிறகு, "வேணாம், முன்னாடியே வை. கடல் காட்டுறவன் கை அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

கடைசி நாளானாலும், குழு இன்னொரு தடவை பார்க்கக் கேட்டால் குஞ்சு கையில் இருக்க வேண்டும் என்றார் மேலாளர். பாறைக்குப் பின்னால் நிற்க இன்னோர் ஆள் வேண்டுமே. மேலாளரையும் அக்காவையும் விட்டால் விஷயம் தெரிந்த ஆள் மைத்துனன் ஒருவன்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாது மாமா."

"நீச்சல் எதுக்கு மாப்ள. கழுத்தளவுதான்."

"யாரு கழுத்தளவு?"

"நான் கொஞ்சம் மேட்டுல நிக்க வைக்கிறேன். வலையைப் பிடிச்சிட்டு நில்லு, அது பாட்டுக்கு வரும். வந்ததை இந்த நீல வாளியில போடு."

நீல வாளியை மைத்துனனுக்குக் கொடுத்ததற்குக் காரணம், சிவப்பு வாளி அவனுக்கு வேண்டியிருந்தது. பிரம்புக்கூடையில் வைத்துக் கொண்டுபோனால் பிரம்பு குத்தி அடிவயிறு கீறுகிறது என்பதை இத்தனை நாளாக அவன் கவனித்து வைத்திருந்தான். இன்று பொறுப்பு தன்னுடையது, கீறல் விழக்கூடாது. மிஞ்சியிருந்த ஒன்பது குஞ்சுகளையும் சிவப்பு வாளியில், ஈரத் துவாலை மேல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக விடுதியின் முன்படி வழியாக இறங்கினான்.

கரையில் அறுபது பேர் அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் குழு. அதில் ஒருவர், குட்டையாக முடி வெட்டி மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. ஓரத்தில் மேலாளர். பின்னால், துவாலை கொண்டுவந்த சாக்கில் அக்கா.

முக்குளி வாளியைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். கூட்டம் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். காற்று, நீரோட்டம், நிலவுக்கும் அலைக்கும் உள்ள உறவு என்று பேச ஆரம்பித்தான். மைத்துனன் சொன்னதற்கு மேலேயும் சொன்னான். மைத்துனனுக்குத் தெரியாதவை அவை: தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்வது, மேலே அமைதியாக இருக்கும் கடல் அடியில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பாசி சாயும் திசையை வைத்துச் சொல்வது. கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. மேலாளர்கூடக் கேட்டார். எவ்வளவு நேரம் இருக்கும், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் அவன் நன்றாக இருந்தான்.

"இவை நேற்றுப் பிறந்தவை" என்று முடித்தான். "இன்று இவற்றின் முதல் பயணம்."

ஒன்பதையும் மணலில் இறக்கி வைத்தார்கள். பத்தடி தூரத்தில் கடல். குஞ்சுகள் தலையைத் தூக்கின. ஒன்று திரும்பியது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்பதும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தத்தித் தத்தி, சிவப்பு வாளியை நோக்கி நடந்தன.

கூட்டம் முதலில் சிரித்தது. முக்குளியும் சிரித்துக்கொண்டே குனிந்து ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் திருப்பி வைத்தான். அவை மறுபடி திரும்பின. வாளியைக் காலால் இடது பக்கம் தள்ளினான். ஒன்பதும் இடது பக்கம் வளைந்தன. வாளியைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவனுடைய காலைச் சுற்றிவந்து நின்று, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தன.

"இதுங்களுக்குப் பசிக்குது போல" என்றது ஒரு குழந்தை.

மூக்குக்கண்ணாடி அம்மா முன்னால் வந்து மணலில் மண்டியிட்டார். ஒரு குஞ்சை எடுத்து மல்லாத்தி அடிவயிற்றைப் பார்த்தார்.

"எப்பப் பிறந்ததுன்னு சொன்னீங்க?"

"நேத்தும்மா."

"தொப்புள் ஆறித் தழும்பே மறைஞ்சு போச்சு. மூணு வாரத்துக்குக் குறையாது. மூக்கெல்லாம் ஏன் இப்படித் தேஞ்சிருக்கு?"

முக்குளி குஞ்சின் மூக்கைப் பார்த்தான். மனப்பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து, பாறைக்குப் பின்னாலிருந்து, கன்னம் வீங்கிய குரல் கேட்டது.

"மாமா, ஒண்ணுமே வரலையே. விட்டியா இல்லையா? எனக்குக் குளுருது."

அறுபது தலையும் பாறைப் பக்கம் திரும்பின. மைத்துனன், தோளில் வலையும் கையில் நீல வாளியுமாக, பாறையைச் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றான். கூட்டத்தைப் பார்த்ததும் வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இருபது அடி வலை.

மூக்குக்கண்ணாடி அம்மா வலையைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். நல்ல மேலாளர் என்றால் அதுதான். மற்றவர் யோசிக்கும் நேரத்தில் அவர் முடித்துவிடுவார்.

"மன்னிக்கணும். நாங்க விடுற குஞ்சுகளை யாரோ கடல்ல பிடிக்கிறாங்கன்னு மூணு வாரமா எங்களுக்குச் சந்தேகம். கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் இன்னைக்கு இவனையே முன்னாடி நிறுத்தினோம். தோட்டத்துல புல் பிடுங்குற ஆள் இவன்." மைத்துனன் பக்கம் திரும்பினார். "உன்னை யார் அங்க நிக்கச் சொன்னது?"

மைத்துனன் ஒரு கணம் மாமாவைப் பார்த்தான். ஒரே ஒரு கணம்.

"இவர்தான் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. பல்வலியில இருந்தேன், பிடிச்சிட்டு நில்லுன்னாரு."

"இவனா" என்று யாரோ சொன்னார்கள். படம் எடுத்தார்கள். "இவ்வளவு நல்லாப் பேசினானே" என்றாள் ஒருத்தி, ஏமாந்துபோன குரலில்.

முக்குளி மேலாளரைப் பார்த்தான். "சார், நீங்கதானே..."

"சட்டையக் கழட்டு" என்றார் மேலாளர். உரக்கச் சொல்லவில்லை. "எங்க விடுதியோட கண்ணியம் அந்தச் சட்டை. அதோட உன்னை நிக்க விடமாட்டேன்."

பொத்தான் துளை எல்லாம் புதுக்கஞ்சியில் விறைத்திருந்தன. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற நேரமானது. அறுபது பேரும் காத்திருந்தார்கள். காலடியில் ஒன்பது குஞ்சுகள் இன்னும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. வெற்றுடம்போடு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

மேலாளர் பின்னால் பார்த்தார். "சலவையா? வாங்கிக்கோம்மா."

அக்கா முன்னால் வந்தாள். அவள் அவனுக்கு யார் என்பது கூட்டத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்று பேரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சட்டையை வாங்கினாள். மேல் பொத்தானைப் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, மூன்றாக மடித்து, துவாலைகளின் மேல் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள். மடிப்பு ஒரு நூல்கூடக் கோணவில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கூட்டம் கைதட்டியது, மேலாளருக்கு.

அதோடு விடவில்லை அவர். "பாவம், இதுங்களைக் கரையில விட்டா மறுபடி யார் கையிலயாவது மாட்டும். நாமளே நடுக்கடலுக்குக் கொண்டுபோய் விடுவோம், வாங்க" என்று குழுவையும் வேண்டியவர்களையும் கண்ணாடித்தரைப் படகில் ஏற்றினார். குஞ்சுகள் சிவப்பு வாளியில்தான் போயின. அவை தாமாகவே ஏறிக்கொண்டன.

முக்குளியைக் காவலாளி தன் கொட்டகையில் உட்கார வைத்தார். போலீஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் படகு தெரிந்தது. நடந்ததை மறுநாள் படகோட்டி வந்து சொன்னார்.

ஒன்பதையும் தண்ணீரில் விட்டதும் அவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படகைத் தேடி வந்தன. சிவப்பு வாளி படகின் பின்விளிம்பில் இருந்தது. கண்ணாடித்தரைக்கு அடியில் நீந்திப் போவதைக் குனிந்து பார்த்தவர்கள், "திரும்பி வந்து நன்றி சொல்லுது பாருங்க" என்றார்கள். மூக்குக்கண்ணாடி அம்மாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாளிக்கு நேர் கீழே, இயந்திரத்தின் விசிறியடியில் வந்து ஒன்பதும் நின்றன.

மேலாளர் மேற்கே பார்த்தார். "பதினோராம் நம்பருக்கு நேரமாச்சு. எடுங்க."

"சார், கீழ நிக்குது" என்றார் படகோட்டி.

"எடுங்கன்னேன்."

படகோட்டி இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். பிறகு கண்ணாடித்தரையில் என்ன தெரிந்தது என்பதை அவர் ஒருவர்தான் பார்த்தார். மற்ற எல்லாரும் எழுந்து நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மேகமே இல்லை. அவ்வளவு அழகான அஸ்தமனம் அந்த சீசனிலேயே அமையவில்லையாம்.

போலீஸ் வரவில்லை. யாரும் கூப்பிடவே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் மேலாளர் கொட்டகைக்கு வந்து, நின்றபடியே பேசினார்.

"மனசுல வச்சுக்காத. அந்த நேரத்துல வேற என்ன பண்றது சொல்லு. கெஸ்ட் எல்லாம் நாளைக்குக் கிளம்பிடுவாங்க. நாலு நாள் கழிச்சு வா. பின்வாசல் வழியா வா."

விடுதிக்கு ஒரு நட்சத்திரம் கூடியது. ஆமைகளைக் காப்பாற்றியதற்காகக் குழு கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு, பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வெள்ளைச் சட்டையை அக்கா மறுபடி பிரித்து, தோளை ஒரு விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்து, மைத்துனனுக்கு அனுப்பினாள். அது அவள் வேலை. அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் முக்குளிக்கு வாசற்படியும் இல்லை. திருடனுக்கு எங்கள் படியில் என்ன வேலை என்றாள் மாமியார். நாற்காலியில் மைத்துனன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் காலையில் முக்குளி பச்சைச் சட்டையை மாட்டினான்.

"போகாதடா" என்றாள் அக்கா.

"நீ போறியேக்கா" என்றான்.

இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள், பின்வாசல் வரை.

அடுத்த சீசன் வந்தது. மழை அந்த வருஷமும் முந்தியது. கடைசிக் குழியில் முப்பத்தெட்டு குஞ்சு பொரிந்தது. மேலாளர் வேலியருகே வந்து நின்றார், எட்டிப் பார்த்தார். இந்தமுறை அவர் நிறையப் பேச வேண்டியிருக்கவில்லை.

"என்ன வேணும்னு சொல்லு, வாங்கித் தரேன்."

முக்குளி கூடையைப் பார்த்தபடியே யோசித்தான். கண்ணை இடுக்கி, உதட்டுக்குள் எண்ணி, சிப்பிகளை மணலில் எங்கெங்கே வைப்பது என்று யோசிக்கும்போது இருக்குமே, அதே முகம்.

"பழைய வலையே போதும் சார்" என்றான். "வாளி மட்டும் ஏழு வேணும். ஏழும் ஏழு நிறத்துல. ஒரு நிறத்தை ரெண்டு நாள் சேர்ந்தாப்புல காட்டக்கூடாது, அப்பத்தான் எந்த வாளிக்கும் பழகாது. தீனியைக் கையால கொடுக்கவும் மாட்டேன்."

மேலாளருக்கு அப்படியொரு வழி ஆயுசுக்கும் தோன்றியிருக்காது. மைத்துனனுக்கும் தோன்றாது. அவன் ஒருவனுக்குத்தான் தோன்றும்.

"சட்டை சார்?" என்று கேட்டான்.

"இந்த சீசன் முடியட்டும்" என்றார் மேலாளர்.